பணம் ஒரு விஷயமே இல்லை

குழாய்க்கடை முதலாளி ஒரு பள்ளி மாணவிக்குக் கடன்பட்டிருந்தார்.

நான் மாற்றி எழுதிவிடவில்லை. மாணவி அவரிடம் வாங்கிய கடன் அல்ல. அவர் மாணவிக்குக் கொடுக்கவேண்டிய கடன். மூன்று கடைகளும் இரண்டு கிடங்குகளும், சரக்கு ஏற்ற ஒன்று, சவாரிக்கு ஒன்று, சும்மா வாசலில் நிற்க ஒன்று என்று வண்டிகளும் வைத்திருக்கிற மனிதர், பை கிழிந்த இடத்தில் ஊக்கு குத்திக்கொண்டு பள்ளிக்குப் போகிற ஒரு பெண்ணுக்குக் கடனாளியானது எப்படி? ரொம்பச் சுலபம். மைக் முன்னால் நின்று, "செலவு பூரா என் பொறுப்பு!" என்றார். சபை கைதட்டியது. கைதட்டலை அவர் வாங்கிக்கொண்டார். பணத்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. சரக்கை ஏற்றிக்கொண்டு பணம் கொடுக்காமல் போகிறவனை அவர் கடையில் என்னவென்று சொல்வார்கள்? அதையேதான் நானும் சொல்கிறேன்.

இவரை ஏதோ தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் ஓர் இனம். மேடை வள்ளல் என்று அந்த இனத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். எல்லா ஊரிலும் உண்டு. பள்ளிகளில் ஆண்டுவிழா நடக்கும் காலத்தில் கூட்டம் கூட்டமாகவே காணலாம். சின்ன வயதில் வறுமை, நடு வயதில் உழைப்பு, அறுபதுக்கு மேல் மேடை என்று மூன்று பருவங்களில் வளர்வது. நாற்காலியில் முழுதாக உட்காராது. 'சில வார்த்தைகள்' பேசச் சொல்லி எந்த நிமிடமும் அழைப்பு வரலாம் என்பதால் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். சட்டைப் பையில் பளபளவென்று ஒரு பேனா இருக்கும். அதற்கு மை போட்டு யாரும் பார்த்ததில்லை. வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதில் கேடயங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். புதிதாக ஒன்று வந்தால் பழையதில் ஒன்று பரணுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கூவல் உண்டல்லவா? இதற்கும் உண்டு: "பணம் ஒரு விஷயமே இல்லை!"

இந்தக் கூவலைக் கேட்டதும் நம்பிப் பையை நீட்டிவிடாதீர்கள். பணம் ஒரு விஷயமே இல்லை என்று சொன்ன கையோடு அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்ட ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நாலு இடம் போய் வருகிறவனுக்குத் தெரியாதா! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்ட ஒருவன் இவ்வளவு நன்றாக எழுதுகிறானே என்று நீங்கள் வியந்தால் வியந்துகொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன். முதலாளியும் ஐந்தாம் வகுப்புத்தான். உலகத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் ஏராளம். அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வரவேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளியின் ஆண்டுவிழா. முதலாளி மேடையில், நடுவிலிருந்து இரண்டாவது நாற்காலி. நடு நாற்காலி தனக்குக் கிடைக்காத வருத்தத்தை வாயோரத்தில் ஒரு புன்னகையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலைமை ஆசிரியை மைக்கைப் பிடித்து, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை மேடைக்கு அழைத்து, அவள் தோளில் கைவைத்துச் சொன்னார்: தூரத்து நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று கோடை விடுமுறையில் கணக்குக்கென்று ஒரு முகாம் நடத்துகிறது, பெரிய பெரிய பேராசிரியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வார்கள், நாடு முழுவதும் தேடிப் பொறுக்கி எடுத்த கொஞ்சம் பேரில் நம் பெண்ணும் ஒருத்தி. படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் சாப்பாடும் நம் பொறுப்பு. அவள் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு துவைத்து மடிப்பவர். "யாராவது பெரிய மனசு பண்ணினால்..." என்று தலைமை ஆசிரியை வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

விட்டதுதான் தாமதம். முதலாளி எழுந்தார். எழுந்தார் என்பதுகூடச் சரியில்லை. நாற்காலி அவரைத் தூக்கிவிட்டது. மைக்கை வாங்கினார். வாங்கியவர் நேராக விஷயத்துக்கு வருவாரா? நடந்துதானே வருவார்! "நானெல்லாம் படிக்கறதுக்கு எவ்வளவு தூரம் நடந்தேன் தெரியுமா?" என்று தொடங்கினார்.

இந்த நடையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முதலாளி சிறு பையனாக இருந்தபோது பள்ளிக்கு நடந்த தூரம் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. அவர் முதல்முதலாக மேடை ஏறியபோது பள்ளிக்கூடம் அடுத்த தெருவைத் தாண்டி இருந்தது. இரண்டாவது கடை திறந்தபோது ஆற்றுக்கு அக்கரையில். மூன்றாவது கடைத் திறப்பு விழாவில் காட்டைக் கடக்கவேண்டியிருந்தது. இந்த வேகத்தில் போனால் இன்னும் சில வருஷங்களில் அவர் பள்ளிக்குப் போகக் கப்பல் ஏறவேண்டியிருக்கும். அவ்வளவு நடந்தவர் ஐந்தாம் வகுப்போடு ஏன் நின்றார் என்று யாரும் கேட்டதில்லை. களைத்துப்போயிருப்பார்.

காட்டையும் ஆற்றையும் கடந்து, தலைச்சுமையாகக் குழாய் தூக்கிய காலத்தைக் கடந்து, ஒருவழியாக அந்தப் பெண்ணிடம் வந்து சேர்ந்தவர் கையை உயர்த்தினார். "பணம் ஒரு விஷயமே இல்லை! செலவு பூரா என் பொறுப்பு!"

அரங்கம் அதிர்ந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி வரிசையில், வேலை உடுப்போடு நின்றிருந்த அவள் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். முதலாளிக்குக் காது இரண்டும் குளிர்ந்துபோயிற்று.

அந்தக் குளிர்ச்சியோடு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மனைவி.

"எவ்வளவு ஆகும்?" என்றாள்.

"பணம் ஒரு விஷயமே இல்ல."

"சரி, அது மைக்குக்கு. எனக்குச் சொல்லுங்க. எவ்வளவு?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்று. தன் கடையில் ஒரு அங்குல வால்வுக்கு விலை கேட்காமல் யாராவது 'கட்டு' என்று சொன்னால் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்க்கிறவர் அவர். ஆனால் கொடையில் விலை கேட்பது அநாகரிகம் அல்லவா!

"அதெல்லாம் முறைப்படி செய்வோம்," என்றார்.

இந்த 'முறைப்படி' என்ற சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டால் நீங்கள் உஷாராகிவிடவேண்டும். மேடை வள்ளலுக்கு அறிவிப்பது மூச்சு விடுவது மாதிரி. கொடுப்பது மட்டும் முறைப்படி. முதலில் நேர்காணல். அப்புறம் விழா. விழாவுக்கு அரங்கம், அரங்கத்துக்குப் பேனர், பேனருக்கு அவர் படம், படத்துக்குப் புதுச் சட்டை, சட்டைக்குத் தையல்காரர். தையல்காரருக்கு அவசரம் என்றால் ஆகாது. சும்மா கூப்பிட்டு, இந்தாம்மா என்று எண்ணிக் கொடுத்து அனுப்பக் கூடாதா? கூடாது. அப்படிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். இரண்டே பேருக்குத் தெரிந்தால் அது கொடையா, திருட்டா?

நேர்காணல் கடையின் பின்னறையில் நடந்தது. குழாய்களை இணைக்கிற எல்போவும் சாக்கெட்டும் நிறைந்த அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும் அறை, ரப்பர் வாசனை. தாயும் மகளும் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலாளி சுழல்நாற்காலியில். உயர்கல்வி என்றால் என்ன, அதில் யாரை எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி; தன் கடைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பயப்படாதேம்மா. சின்னக் கணக்குதான். ஒரு குழாய் முந்நூத்து எழுபத்தஞ்சு. பதினேழு குழாய். நூத்துக்குப் பன்னண்டு தள்ளுபடி. எவ்வளவு? பேப்பர் எடுக்கக் கூடாது. விரல் விடக் கூடாது."

பெண் கூரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "ஆறாயிரத்து... இல்ல... ஐயா, ஒரு பேப்பர் கிடைக்குமா?"

"பேப்பரா!" முதலாளி மேசையைத் தட்டினார். "ஐயாயிரத்து அறுநூத்துப் பத்து!"

"ஐயோ, எப்படிய்யா இவ்வளவு வேகமா!" என்று அவள் உண்மையாகவே அசந்துபோனாள்.

காலையில் கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்து வைத்துக்கொண்ட விடை அது என்பதை நான் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கூட்டல், பெருக்கல்ல கொஞ்சம் தகராறு ஐயா," என்றாள் அவள், ஒளிக்காமல். "கடையில மீதிச் சில்லறையைக்கூட அம்மாதான் எண்ணி வாங்குவாங்க."

முதலாளி தாயைப் பார்த்தார். தாய் தரையைப் பார்த்தாள்.

"அப்ப கணக்கு முகாம்ல போய் என்னதான் பண்ணப் போற?"

"முடிச்சு ஐயா."

"என்னது?"

"முடிச்சு. கயித்துல போடற முடிச்சு." பக்கத்துப் பெட்டியில் தொங்கிய சணல் கயிற்றை அவள் எடுத்து, ஒரு சுற்று சுற்றி உள்ளே நுழைத்து வெளியே இழுத்து, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இப்படி நுனி ரெண்டையும் ஒட்டிட்டோம்னு வச்சுக்கங்க. சில முடிச்சை இழுத்துத் திருப்பி அவிழ்த்துடலாம். சிலதை என்ன பண்ணினாலும் முடியாது. எனக்கு முடியலைங்கறது வேற. யாராலயும் எப்பவுமே முடியாதுங்கறது வேற. அதை எப்படி அடிச்சுச் சொல்றது? அங்க ஒரு டீச்சர் இதைத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. அவங்க கூட உக்காந்து..." சொல்லச் சொல்ல அவள் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள். கூரைவரை இருந்த பெட்டிகளும் சுழல்நாற்காலியும் அதில் உட்கார்ந்திருந்தவரும் அவள் கண்ணுக்கு மறைந்துபோனது தெரிந்தது.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. அவர் அறையில் அவரை யாரும் மறப்பதில்லை. கயிற்றை வாங்கி இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார். இறுகியது.

"இதுக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி? கத்தி இருக்குல்ல?"

பெண் சிரித்துவிட்டாள். "வெட்டக் கூடாது ஐயா! வெட்டினா ஆட்டம் முடிஞ்சுது."

தாய் மகளின் முழங்காலை அழுத்தினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னாள். "ஐயா, தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் வர்ற மாசம் முதல் வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிடணுமாம். கட்டலைன்னா இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்களாம். டிக்கெட்டும் இப்பவே எடுத்தாத்தான்..."

"அம்மா," என்று முதலாளி உள்ளங்கையைக் காட்டினார், போக்குவரத்துக் காவலர் மாதிரி. "நான் ஒண்ணு சொன்னாச் சொன்னதுதான். பணம் ஒரு விஷயமே இல்ல."

தேநீர் கொடுத்து அனுப்பினார். தேநீர் மட்டும்.

அன்று மாலை வீட்டில் பெருமூச்சு விட்டார். "அந்தப் பொண்ணுக்குப் பெருக்கலே வரல. கயித்துல முடிச்சு போடறதுக்கு நான் செலவு பண்ணணுமாம்."

"கொடுத்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கத்தி இருக்குல்லன்னு ஒரே கேள்விதான் கேட்டேன். ஆடிப்போயிட்டா."

"கொடுத்துட்டீங்களான்னு கேட்டேன்."

"கொடுக்காம நான் எங்க போயிடப் போறேன்?"

"நீங்க எங்கயும் போக மாட்டீங்க. அவதான் போகணும்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

பிறகு விழா வேலைகள். அடடா, அந்த உழைப்பை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! காசோலையைத் தெர்மாகோல் பலகையில் பெரிதாகச் செய்யச் சொன்னார். வந்தது கடைசி வரிசைக்குத் தெரியாது என்று திருப்பி அனுப்பினார். அடுத்தது கடை வாசலில் நுழையவில்லை. இரண்டு பேர் சாய்த்துப் பிடித்து, மூன்றாவது ஆள் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள். 'கல்விக் காவலர்' என்று ஒரு கேடயமும் செய்யச் சொன்னார். யாருக்கு என்கிறீர்களா? அவருக்குத்தான். அவரே பணம் கட்டி, அவரே எழுத்தைத் தேர்ந்தெடுத்து, விழாவில் சிறப்பு விருந்தினர் அதைத் திடீரென்று எடுத்துக் கொடுக்கும்போது 'எனக்கெதுக்குங்க இதெல்லாம்' என்று இரண்டடி பின்வாங்குவதற்கும் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டார். பின்வாங்குவது லேசான காரியம் இல்லை. ரொம்பப் பின்வாங்கினால் கேடயம் கைக்கு வராது. போதாவிட்டால் அடக்கம் போட்டோவில் விழாது. எனக்கு இது கை, அதாவது கால் வந்த கலை.

சிறப்பு விருந்தினர் யார்? கட்டடக் கான்ட்ராக்டர்கள் சங்கத் தலைவர். அவருக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? எத்தனை அடுக்கு கட்டடம், அடுக்குக்கு எத்தனை குழாய் என்று ஒரு சம்பந்தம் இருக்கிறது. அவர் பெரிய மனிதர். நினைத்த நாளில் கிடைக்கமாட்டார். "வர்ற மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை ஃப்ரீ," என்றார். "ஆஹா, அதுதான் எங்களுக்கும் சௌகரியம்!" என்று முதலாளி அரங்கத்துக்கு முன்பணம் கட்டினார்.

அந்தப் பெண் புறப்படவேண்டிய நாள் எது? அதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. எவ்வளவு ஆகும் என்று கேட்டாரா, எப்போது போகிறாய் என்று கேட்பதற்கு?

முதல் வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள். தாய் வீட்டுக்கே வந்துவிட்டாள். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். வெந்நீரிலும் சோப்பிலும் ஊறின விரல் நுனிகள் சுருங்கி வெளுத்திருந்தன. கடைக்கு இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பியவள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. முதலாளி உள்ளறையிலிருந்து, பின்வாங்கிக்கொண்டிருந்த கால்களோடு, மலர்ந்த முகமாக வந்தார்.

"வாங்கம்மா வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. உங்களுக்குத்தான் முதல் அழைப்பிதழ்."

அவள் வாங்கிப் பார்த்தாள். அட்டை தடிமனாக இருந்தது. அதில் முதலாளியின் படம் இருந்தது. விருந்தினரின் படம் இருந்தது. முடிச்சுப் போடுகிற பெண் 'ஏழை மாணவி' என்ற இரண்டு சொல்லாக ஓர் ஓரத்தில் இருந்தாள். தேதியைப் படித்த தாய் நிமிர்ந்தாள்.

"ஐயா, இந்தத் தேதியில..."

"பாப்பாவைப் பள்ளிக்கூட யூனிஃபார்ம்லயே கூட்டிட்டு வாங்க. போட்டோவுல நல்லா இருக்கும்."

"இல்ல ஐயா, இந்தத் தேதிக்கு அவ..."

"ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க. நான் எழுதித் தர்றேன்."

"நாளைக்குள்ள கட்டலைன்னா..."

"பணம் ஒரு விஷயமே இல்லம்மா!" என்று கையைக் கூப்பி, அவளை வாசல்வரை வழியனுப்பத் தன் மனைவியைப் பணித்துவிட்டு, மறுபடி பின்வாங்கப் போய்விட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசற்கதவருகே இரண்டு பெண்களும் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்கள். மனைவி ஒருமுறை உள்ளே வந்தாள். அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மறுபடி வெளியே போனாள். 'அக்கா, வேண்டாம்கா' என்று ஏதோ காதில் விழுந்தது. விழாவுக்கு என்ன நிறத்தில் உடுத்துவது என்று பேசிக்கொள்கிறார்கள் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். பெண்களுக்கு வேறு என்ன கவலை?

விழா நாள் வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது, கடை ஆட்களைக் குடும்பத்தோடு வரச் சொன்னால் நிறையாமல் எங்கே போகும்? முதல் வரிசையில் மனைவி, மடியில் கைப்பை. மூன்றாவது வரிசையில் அந்தத் தாய், தனியாக. மேடையில் இந்தமுறை நடு நாற்காலிக்குப் பக்கத்திலேயே முதலாளி. விருந்தினர் பேசினார், கட்டடங்களைப் பற்றி. முதலாளி பேசினார். காடு, ஆறு, இந்தமுறை ஒரு சிறு மலையும் சேர்ந்துகொண்டது. கேடயம் திடீரென்று வந்தது. பின்வாங்கல் அளவாக அமைந்தது. பிறகு இரண்டு பேர் தெர்மாகோல் காசோலையைப் படகைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தார்கள். மைக்கில் மாணவியின் வகுப்பைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

யாரும் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார்கள். போட்டோக்காரர், "ஐயா, சிரிச்சுக்கிட்டே இருங்க, வந்துடுவாங்க," என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், பக்கத்திலிருந்த தலைமை ஆசிரியையிடம், "பொண்ணு எங்கம்மா?" என்றார்.

"முகாம்ல ஐயா."

"எந்த முகாம்ல?"

"கணக்கு முகாம்தான். போன வாரமே போயிட்டாளே! நீங்கதானே அனுப்பி வச்சீங்க? வெள்ளிக்கிழமை காலையிலேயே பணம் வந்து சேர்ந்துடுச்சே! இன்னைக்கு இது சும்மா போட்டோவுக்குன்னுல்ல நான் நினைச்சேன்."

முதலாளி முதல் வரிசையைப் பார்த்தார். மனைவி கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினாள். அந்த 'டிக்' மேடைவரை கேட்டது. சலவைக்கூடத்துத் தாய் விருட்டென்று எழுந்துவிட்டால்? மைக்கில் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டால்? கான்ட்ராக்டர் பக்கத்தில் இருக்கிறார். கடை ஆட்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். மூன்று பருவமும் தாண்டி வந்த மனிதருக்கு முதல்முறையாக ஒரு மைக் பயமாக இருந்தது.

அவள் எழுந்தாள். மேடை ஏறினாள். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. என் பொண்ணு போய்ச் சேர்ந்துட்டா. நேத்து போன் பண்ணினா. அங்க எல்லாப் பிள்ளைங்களும் கையில கயித்தோடதான் திரியுதாம். டிக்கெட், தங்கற காசு, சாப்பாட்டுக் காசு எல்லாம் ஐயா வீட்லருந்துதான் வந்துச்சு." அவள் பார்வை முதல் வரிசைக்குப் போய்த் திரும்பியது. "ரொம்ப நன்றி."

அவ்வளவுதான். ஒரு சொல் பொய் இல்லை. ஒரு சொல் கூடவும் இல்லை.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 'விழாவுக்குக்கூடக் காத்திருக்காம முன்னாலேயே கொடுத்துட்டாரே!' என்று கான்ட்ராக்டர் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோக்காரர் சொடுக்கினார். முதலாளி குனிந்து வணங்கினார். அவர் வாழ்க்கையில் வாங்கிய கைதட்டல்களிலேயே பெரியது அது. ஆனால் காது குளிரவில்லை. ஒரே சரக்குக்கு இரண்டாம் தடவையும் பணம் கொடுக்காமல் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று அவருக்குள் இருந்த பழைய கடைக்காரன் கணக்குப் போட்டான். அவனுக்குப் பேப்பர் தேவைப்படவில்லை.

தெர்மாகோல் காசோலை வண்டிக்குள் அடங்கவில்லை. பாதி ஜன்னலுக்கு வெளியே, பாதி அவர் பின்னந்தலைமேல். பள்ளம் வந்தபோதெல்லாம் ஒரு குட்டு. வீட்டுக்கு வந்து, கேடயத்தை அலமாரிக்குள் நுழைக்க அவர் இடம் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள். திரும்பினார். கை நீண்டிருந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது.

"என்ன?"

"மாடி வாடகை. என் பேர்ல வர்றது. சேத்து வச்சது பூரா போச்சு."

"நீ கொடுத்தா என்ன, நான் கொடுத்தா என்ன? ஒரே வீடுதானே?"

"கைதட்டல் மட்டும் உங்களுக்குத் தனியா வந்துச்சே?"

அவர் வாயைத் திறந்தார். "பணம் ஒரு..."

"விஷயம்தான்," என்றாள் மனைவி. "அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதப்ப தெரிஞ்சுது, எவ்வளவு பெரிய விஷயம்னு. எடுங்க."

முதலாளி இரும்புப் பெட்டகத்தைத் திறந்தார். நோட்டுக்கட்டைக் கடைச் சணலால் கட்டி வைப்பது அவர் வழக்கம். தலைச்சுமைக் காலத்துப் பழக்கம், முடிச்சு மேல் முடிச்சாக இறுக்கிப் போடுவார். அதைக் கீழே உட்கார்ந்து நகத்தால் நெம்பத் தொடங்கினார். வரவில்லை. இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார்.

அவர் அவிழ்த்துக்கொண்டிருக்கட்டும். அதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை.

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். சந்தோஷம். உங்களிடம் குழாய்க்கடை இல்லை, கண்ணாடி அலமாரி இல்லை, ஆகவே நீங்கள் இந்த இனம் இல்லை என்றும் முடிவு கட்டியிருப்பீர்கள். நல்லது. ஆனால் கல்யாண வீட்டுப் பந்தலிலோ அலுவலக விருந்திலோ உறவுக்காரப் பிள்ளை ஒன்றின் முதுகில் தட்டி, 'நீ படிடா, எவ்வளவு வேணும்னாலும் மாமாகிட்டக் கேளு' என்று நாலு பேர் காதுபடச் சொன்னீர்களே, அந்தப் பிள்ளை கேட்டதா? கேட்கிற மாதிரி வந்தபோது நீங்கள் வீட்டில் இருந்தீர்களா? அப்படி எதுவும் உங்களுக்கு நினைவு வரவில்லையா? எனக்கும் வரவில்லை. என் மனைவிக்கு மட்டும் வருகிறதாம். உங்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள். கேட்கும்போது பெட்டகச் சாவி கையில் இருக்கட்டும்.

முதலாளி நிமிர்ந்தார். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். "அவிழல," என்றார். "இது அவிழாது."

மனைவி மேசை இழுப்பறையைத் திறந்தாள். "கத்தி இருக்குல்ல?" என்று எடுத்து நீட்டினாள்.

அறுத்தார். ஆட்டம் முடிந்தது. நோட்டு நோட்டாக எண்ணி அந்தக் கையில் வைத்தார். கடைக்காரர் எண்ணிக்கை, ஒட்டினது ஒன்றுகூடத் தப்பாது. கடைசி நோட்டு விழுந்தது. மனைவி அத்தனையையும் இடுப்பில் செருகிக்கொண்டாள். கை மறுபடி நீண்டது.

"இன்னும் என்ன? கணக்குச் சரியாத்தானே இருக்கு?"

"அரங்க வாடகை, பேனர், அழைப்பிதழ், கேடயம், அந்தத் தெர்மாகோலு. கூட்டிப் பார்த்தேன், பேப்பர் இல்லாம. அந்தக் காசுல இன்னொரு பிள்ளை முகாமுக்குப் போயிட்டு வந்திருக்கும். அடுத்த கோடைக்கு அந்தப் பிள்ளை வரும்ல, அதுக்கு."

முதலாளி அறையைச் சுற்றிப் பார்த்தார். மைக் இல்லை. போட்டோக்காரர் இல்லை. அலமாரிக்குள் கேடயங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூடக் கை கிடையாது தட்டுவதற்கு. நாக்கில் விரலைத் தொட்டு ஈரமாக்கிக்கொண்டார். முதல் நோட்டை எடுத்து, விரித்த அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"ஒண்ணு," என்றார், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில்.